பூட்டியவர்களுக்கு ஒரு வாழ்த்து

அரசின் தகவல் பலகைகளுக்குள் யார் யார் வரலாம், வந்தவர் எதுவரை பார்க்கலாம் என்று வரம்பு வகுத்தவர்களை யாரும் வாயாரப் புகழ்ந்து நான் கேட்டதில்லை. அணை கட்டியவருக்குச் சிலை உண்டு, பாலம் திறந்தவருக்குக் கல்வெட்டு உண்டு. லாகின் கொடுத்தவருக்கும் கொடுக்க மறுத்தவருக்கும் ஒன்றும் இல்லை. அந்தக் குறையை ஜவ்வாது மலையிலிருந்து தீர்க்கத் தொடங்குகிறேன்.

புதூர்நாடு திருப்பத்தூர் மாவட்டத்து மலை ஊர். நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று பக்கத்தில் இன்னும் இரண்டு நாடுகள். மலையாளிப் பழங்குடி மக்கள் சாமை விதைக்கிற நிலம் இது. காட்டில் வேலை இல்லாத மாதங்களில் பலர் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் கூலிக்கு இறங்கிவிடுவார்கள். இங்கே அங்கன்வாடியில் ஒரு குழந்தையை எடை பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பணியாளர் எடையையும் உயரத்தையும் தன் போனில் போஷன் டிராக்கர் செயலியில் ஏற்றுவார். 2021 மார்ச்சில் நாடு முழுவதற்கும் வந்த முறை இது. சிக்னல் கிடைத்ததும் எண் மலையிறங்கிப் போய்விடும்.

போன எண் கண்ட கண்ணுக்கெல்லாம் தெரியாது. பணியாளருக்குத் தன் மையம் மட்டும். மேற்பார்வையாளருக்குத் தன் பொறுப்பிலுள்ள மையங்கள். குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலருக்கு வட்டாரம், அவருக்கு மேலே மாவட்டம், அதற்கும் மேலே மாநிலம், டெல்லி. படி ஏற ஏறப் பார்வை விரியும். ஒரு படியில் நிற்பவர் பக்கத்துப் படியை எட்டிப் பார்க்க முடியாது.

இதை எளிய வேலை என்று எண்ணிவிடக் கூடாது. பெரிய கம்பெனிகள் பல ஆண்டுகள் தடுமாறிக் கற்ற கலை இது. முன்பெல்லாம் மதுரைக் கிளைக்கு ஒரு ரிப்போர்ட், கோவைக் கிளைக்கு ஒரு ரிப்போர்ட் என்று தனித்தனியாகச் செய்து அனுப்புவார்கள். ஒன்றைத் திருத்தினால் மற்றதைத் திருத்த மறப்பார்கள். இப்போது ரிப்போர்ட் ஒன்றே. திறப்பவர் யார் என்று பார்த்து, அவருக்கு உரிய வரிகளை மட்டும் அதுவே காட்டும். மதுரை மேலாளர் திறந்தால் மதுரை விற்பனை, முதலாளி திறந்தால் எல்லாம். அடியில் அட்டவணை ஒன்றுதான், பூட்டு மட்டும் வரிக்கு வரி. வேலைக்கு வேண்டியதைத் தவிர ஒரு வரிகூட அதிகம் காட்டாதே என்பது இந்தத் துறையின் முதல் பாடம். நம் அரசுத் துறைகள் அந்தப் பாடத்தைக் கற்று, கம்பெனிகளையும் மிஞ்சிவிட்டன. கம்பெனியில் முதலாளிக்கு எல்லாம் தெரியும். மக்களாட்சியில் முதலாளி யாரோ, அவருக்கு ஒரு வரியும் தெரியாதபடி பார்த்துக்கொள்வது கம்பெனிக்காரர்களால் முடியாத சாதனை.

ஊர்க் கணக்கைக் கேட்கும் உரிமை கிராம சபைக்குச் சட்டப்படி உண்டு. லாகின் தனியாளுக்குத்தான் தருவார்கள், சபைக்குத் தருவதில்லை. எனவே இந்த மூன்று நாடுகளிலும் எத்தனை குழந்தைகள் வயதுக்கேற்ற எடை இல்லாமல் இருக்கிறார்கள், போன ஆண்டைவிடக் கூடியதா குறைந்ததா என்று சபையில் ஒரு தாய் எழுந்து கேட்டால், பதில் சொல்ல அங்கே திரை இருக்காது. “உங்க லாகின்ல அது வராதுங்க” என்று மேலே உள்ளவர் கீழே உள்ளவரிடம் சொல்வார். கீழே உள்ளவர் இன்னும் கீழே சொல்லுவார். கடைசிப் படியில் நிற்கும் அந்தத் தாய்க்கு அதைச் சொல்லக்கூட ஆள் தேவைப்படாத அளவுக்குக் காவல் நிறைவாக இருக்கிறது. எடையைத் தந்தது அவர் பிள்ளைதான். ஆனாலும் அவர் வழியாக ஒரு எண்ணும் கசியப்போவதில்லை என்று உறுதியாகச் சொல்லலாம்.

இதே மலைத்தொடரில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1977 மார்ச்சில் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்துக் கடந்தபோது அதைக் கவனித்த ஆய்வகங்களில் காவலூரும் ஒன்று. யுரேனசைச் சுற்றி வளையங்கள் இருப்பது அந்த நிகழ்வில்தான் தெரியவந்தது. 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கியும் அங்கே வந்தது. கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள வளையம் தெரிகிற மலையில், தன் அங்கன்வாடியின் கூட்டுத்தொகை தெரியாமல் வைத்திருப்பதற்குத் தனித் திறமை வேண்டும். அந்தத் திறமை நம்மவர்களிடம் இருக்கிறது.

தலைநகரிலும் குறைவில்லை. 2021 டிசம்பர் 23 அன்று முதலமைச்சர் தகவல் பலகை தொடங்கிவைக்கப்பட்டது. அணை நீர்மட்டம், மழை, ரேஷன் இருப்பு, குடிநீர், திட்டங்களின் நிலை எல்லாம் கோட்டையில் ஒரே திரையில் தெரியும். நல்ல முயற்சி, மனமாரச் சொல்கிறேன். மாநிலத்தை ஆள்பவர் எண்ணைப் பார்த்து ஆள்வது, ஆளுக்கு ஆள் சொல்வதைக் கேட்டு ஆள்வதைவிட எவ்வளவோ மேல். அந்தக் கண்ணாடியின் நேர்த்தி, அது ஒரு பக்கம் மட்டும் தெரிவது. கோட்டையிலிருந்து புதூர்நாடு தெரியும்.

இந்த ஒருபக்கப் பார்வையில் நமக்கு நல்ல பழக்கமும் உண்டு. தகவல் அறியும் உரிமைக்கு இந்தியாவிலேயே முதலில் சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு. நாடாளுமன்றச் சட்டத்துக்கு எட்டு ஆண்டு முன்பு, 1997இல். எதையெல்லாம் தர வேண்டாம் என்ற விலக்குகளின் பட்டியல் நீளமாக இருந்ததால் அந்தச் சட்டம் எந்த அலுவலகத்தையும் தொந்தரவு செய்யவில்லை.

இனி உள்ளே நடக்கும் காவலுக்கு வருகிறேன். இங்கேதான் புகழச் சொல் போதவில்லை.

வெளியாருக்கு இவ்வளவு கறாராக இருப்பவர்கள் தங்களுக்குள் எவ்வளவு தாராளம்! அலுவலருக்கு என்று வந்த பாஸ்வேர்டு, ஒப்பந்தத்தில் வந்த கணினி உதவியாளருக்குத் தெரியும். அவர் விடுப்பில் போனால் அந்த இடத்தில் உட்காருபவருக்குத் தெரியும். வாட்ஸ்அப் குழுவில் ஒருமுறை போட்டது அங்கேயே கிடக்கும். ஓடிபி வந்தால் போனில் கூப்பிட்டு வாங்கிக்கொள்ளலாம். யார் எப்போது எந்தப் பக்கத்தைத் திறந்தார் என்று கணினி பதிந்துகொண்டே இருக்கிறது, ஆனால் எல்லாப் பதிவிலும் ஒரே பெயர். நாளை ஒரு பட்டியல் வெளியே போனால் அந்த ஒருவர் மாட்டுவார், அல்லது ஒருவரும் மாட்டமாட்டார். இப்படி எல்லாரையும் சமமாகக் காப்பாற்றும் ஏற்பாடு வேறு எதில் உண்டு?

நன்றி மறவாத குணத்தையும் சொல்ல வேண்டும். மாற்றலாகிப் போனவரின் லாகினை மாதக்கணக்கில் மூடாமல் வைத்திருப்பார்கள். ஓய்வு பெற்றவர் நினைத்தால் வீட்டிலிருந்தே எட்டிப் பார்க்கலாம். புதிதாக வந்தவருக்கு லாகின் வரும்வரை பழையவரின் பெயரிலேயே வேலை ஓடும்.

திரைக்குத்தான் பூட்டு. திரையின் மூலையில் எக்செல் பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் பெயர், போன் நம்பர், வங்கிக் கணக்கு எல்லாம் ஒரு கோப்பாக இறங்கிவிடும். இறங்கிய கோப்புக்குப் படிநிலை தெரியாது. அது யாருடைய போனிலும் திறக்கும்.

2023 ஜூனில் நாடே இதைப் பார்த்தது. டெலிகிராமில் ஒரு பாட். போன் நம்பர் கொடுத்தால், தடுப்பூசி போட்டுக்கொண்டவரின் பெயர், பிறந்த விவரம், அடையாள அட்டை எண் வரை சொன்னது. சுகாதார அமைச்சகம் அன்றே விளக்கம் தந்தது. தடுப்பூசிப் பதிவுக்கான கோவின் தளத்தில் தனிநபர் விவரத்தை மூன்று வழிகளில்தான் பார்க்க முடியும்: ஊசி போட்டுக்கொண்டவர் தன் ஓடிபியோடு, அனுமதி பெற்ற பணியாளர் தன் லாகினோடு, ஒப்புதல் பெற்ற மற்ற செயலிகள் ஓடிபியோடு. பணியாளர் ஒவ்வொரு முறை நுழைவதும் பதிவாகிறது. செய்தி அடிப்படையற்றது. அந்த விளக்கம் கற்பிக்கும் அளவுக்குத் தெளிவானது, காவலின் மூன்று நிலைகளையும் அதைவிட நன்றாக யாரும் எழுதியதில்லை. பாட் மட்டும் அதைப் படித்திருக்கவில்லை.

ஆக, தெரிய வேண்டாதது தெரிகிறது, தெரிய வேண்டியது தெரியவில்லை. இரண்டையும் ஒரே பூட்டால் சாதித்திருக்கிறார்கள்.

இந்தப் புகழிலிருந்து ஒன்றை விலக்கி வைக்க வேண்டும். நூறு நாள் வேலைத் திட்டத்தின் வருகைப் பட்டியல் இணையத்தில் பாஸ்வேர்டு இல்லாமல் கிடந்தது. எந்த ஊராட்சி, எந்த வேலை, யார் எத்தனை நாள் வந்தார், எவ்வளவு கூலி என்று யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்க முடிந்தது. வேலைக்கே போகாதவர் பெயரில் கூலி ஏறியிருந்தால் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியும், கணக்காயருக்குத் தெரியாது. அப்படித் திறந்து வைத்ததன் வேர் ராஜஸ்தானில் இருக்கிறது. 1994 டிசம்பரில் பாலி மாவட்டத்துக் கோட்கிரானாவில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு ஊரைக் கூட்டி, வருகைப் பட்டியலை உரக்க வாசித்தது. தங்கள் பெயரைக் கேட்டவர்கள் எழுந்து, நான் அந்த வேலைக்குப் போகவே இல்லை என்றார்கள். 2005இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அந்தக் கூட்டங்களிலிருந்து வளர்ந்தது. 2019இல் அதே ராஜஸ்தான், கேட்காமலே ஊர்வாரியாகக் கணக்கைக் காட்டும் ஜன் சூச்னா தளத்தைத் திறந்தது.

இந்தக் குறையையும் டெல்லி சரிசெய்துவிட்டது. 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் கைவைத்தது. 2025 நவம்பரில் அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. முன்பு தனிப்பட்ட தகவலை மறுக்க வேண்டுமானால், அதற்கும் பொதுப்பணிக்கும் தொடர்பில்லை என்றோ, கொடுத்தால் அந்தரங்கம் தேவையின்றிக் குலையும் என்றோ காட்ட வேண்டும். இப்போது தனிப்பட்ட தகவல் என்று சொன்னால் போதும். பொதுநலன் பெரிதென்று அலுவலகம் கருதினால் கொடுக்க இன்னொரு உட்பிரிவு இருக்கிறது, கருதுவது அலுவலகத்தின் கையில். நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாததை எந்தக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்று பழைய சட்டத்தில் ஒரு வரி இருந்தது. அதையும் எடுத்துவிட்டார்கள். எம்.பி.யும் புதூர்நாட்டுக்காரரும் ஒரே தகுதி உடையவர்கள் என்ற குழப்பம் தீர்ந்தது.

வஞ்சப்புகழ்ச்சியின் மூத்த ஊர் இங்கிருந்து தொலைவில்லை. ஜவ்வாது மலைக்குத் தென்மேற்கே உள்ள தருமபுரிதான் பழைய தகடூர். அதன் தலைவன் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையின் பாட்டு புறநானூற்றில் 95ஆவது. தொண்டைமானின் படைக்கலங்கள் அலங்காரம் குலையாமல், காவலுள்ள மாளிகையில் இருக்கின்றன என்று புகழ்ந்தார். தன் தலைவனின் வேல்களோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். ஒரு சொல்லும் பொய்யில்லை. நானும் அப்படியே சொல்கிறேன். நம் தகவல் பலகைகள் அழகானவை, வண்ண வண்ணக் கோடுகள் கொண்டவை, கீறல் விழாதவை, காவல் மிகுந்தவை.

கோட்கிரானாவில் வாசித்த பட்டியல் அப்படி இருந்திருக்காது. கை மாறிக் கை மாறிக் கசங்கியிருக்கும்.

புதூர்நாட்டு அங்கன்வாடியின் சுவரில் மாதம் ஒரு தாள் ஒட்டினால் போதும். எத்தனை குழந்தைகள் எடை பார்க்கப்பட்டார்கள், எத்தனை பேர் எடை குறைவு, சத்துமாவு எவ்வளவு வந்தது, எவ்வளவு கொடுத்தார்கள். பெயர் வேண்டாம், போன் நம்பர் வேண்டாம், எந்தப் பிள்ளைக்கு என்ன நோய் என்பது ஊருக்கு வேண்டவே வேண்டாம். அந்த வரிகளை இன்னும் இறுக்கிப் பூட்டுங்கள். ஒவ்வொரு உதவியாளருக்கும் அவர் பெயரில் லாகின் கொடுங்கள். மாற்றல் ஆணை வரும் அன்றே பழைய லாகினை மூடுங்கள். எக்செல்லில் இறங்கும் கோப்பிலிருந்து அடையாள எண்களை எடுங்கள். வரிக்கு வரி பூட்டத் தெரிந்த கைகளுக்கு இது அரை நாள் வேலை, அடுத்த கிராம சபைக்குள் முடித்துவிடலாம்.