ஐந்தரை இலட்சத்தில் தெரிந்த கணக்கு

இந்திய வீட்டுத் திட்டத்தில் பெயர் வந்த குடும்பத்துக்கு 550,000 ரூபா கிடைத்தது. 2012 ஒக்டோபர் 2இல் இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் அதன் பெரிய கட்டம் தொடங்கியபோது, வட்டக்கச்சியில் எங்கள் ஒழுங்கை முழுவதும் தறப்பாளும் தகரமுமாக இருந்தது. போரில் இடம்பெயர்ந்து, செட்டிகுளம் முகாமிலிருந்து மீண்டு வந்த சனம். பலரிடம் பேனை பிடிக்கவும் தெம்பில்லை. ஆனால் அடுத்த இரண்டு வருடங்களில் அவர்கள் வீட்டுக் கணக்குப் படித்த விதத்தை, பள்ளிக்கூடத்தில் கணிதம் கற்பித்த நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அந்தத் திட்டத்தில் கொந்தராத்துக்காரர் வீட்டைக் கட்டித் திறப்பைக் கையில் தரவில்லை. வீட்டுக்காரரே கட்ட வேண்டியிருந்தது. காசு அவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்குக் கட்டங்கட்டமாக வந்தது. அத்திவாரம் முடிந்ததா, சுவர் எழும்பியதா, கூரை ஏறியதா என்று தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் அடுத்த தவணை. குறைந்தது 550 சதுர அடி. இரண்டு அறை, குசினி, மலசலகூடம்.

புருசனை இழந்து மூன்று பிள்ளைகளோடு இருந்த பக்கத்து வளவு அக்கா, ஒரு கியூப் மணல் என்ன விலை, பனஞ் சிலாகை எங்கே மலிவு, ஒரு பை சீமெந்தில் எத்தனை கல் அரியலாம் என்று நித்திரையில் கேட்டாலும் சொல்லுவா. மேசனுக்குக் கூலி கொடுத்ததும் அவதான், மணலை இறக்கி எண்ணியதும் அவதான். கட்டளை போட்ட கையும் காசு கொடுத்த கையும் ஒன்றாக இருந்ததால், எந்தத் தொகையும் அவவின் கண்ணுக்கு மறைவாகப் போகவில்லை.

மாற்றத்தின் விலையையும் அப்போதுதான் ஊர் கண்டது. அத்திவாரம் வெட்டும்போது, "இவ்வளவு கஷ்டப்பட்டுக் கட்டுறம், ஒரு சாமியறையும் முன் விறாந்தையும் சேர்த்துப் போடுவம்" என்ற ஆசை பலருக்கு வந்தது. நியாயமான ஆசை. ஆனால் கயிறு நான்கு அடி தள்ளிப் போனதும் கல், சீமெந்து, கூரை மரம், ஓடு, கூலி எல்லாம் கூடவே தள்ளிப் போயின. 550,000 மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. சிலருடைய தோடும் சங்கிலியும் ஈட்டுக்குப் போயின. சிலருடைய சுவர் லின்ரல் மட்டத்தில் மழையில் நனைந்துகொண்டு நின்றது. வன்னிப் பெண்களின் கடன் சுமைக்குள் இந்தக் கூடுதல் அடிகளும் இருக்கின்றன.

இந்த அறிவு வீண் போகவில்லை. 2016 அளவில் வடக்குக்கும் கிழக்குக்கும் 65,000 உருக்கு வீடுகள் என்ற திட்டம் வந்தபோது, ஒன்றின் விலை ஏறத்தாழ 21 இலட்சம் என்றார்கள். நல்ல கல்வீட்டை அதில் பாதியளவு செலவிலேயே கட்டலாமே என்ற கேள்வி பலமாக எழுந்தது. எங்கள் ஒழுங்கையிலும் அதைத்தான் கேட்டார்கள். தங்கள் கையால் கட்டிப் பார்த்தவர்களுக்கு அந்தத் தொகையை நிறுக்கத் தெரிந்திருந்தது. அந்த அளவில் அத்திட்டம் நிறைவேறவில்லை.

இன்று அதே ஒழுங்கையில் வேறு வீடுகள் எழும்புகின்றன. கனடாவிலும் சுவிஸிலும் உள்ள பிள்ளைகளின் காசில் 1,200, 1,500 சதுர அடி. போர்ட்டிக்கோ, மாபிள் தரை, அலுமினியம் யன்னல். கட்டுகிறவர் கொந்தராத்துக்காரர். கனடாவிலிருக்கும் என் தங்கச்சியும் ஊரில் வீடு கட்ட விரும்பி, மேற்பார்வையை என்னிடம் விட்டாள். ஒருவர் கொண்டுவந்த எஸ்டிமேற்றில் மொத்தத் தொகை தடித்த எழுத்தில் இருந்தது. உள்ளே "மாபிள் – உத்தேசம்", "குளியலறைச் சாமான் – உத்தேசம்", "மின்சார வேலை – உத்தேசம்" என்று வரிகள். விளக்கம் கேட்டேன்.

"ரீச்சர், அதெல்லாம் ஒரு கணக்குக்குப் போட்டது. பிறகு பாப்பம்."

அந்தப் பிறகு வரும்போது எந்த வீடும் பாதியில் நிற்கும். வீட்டுக்காரருக்குப் பேரம் பேசும் பலம் போய்விடும். ஆகவே உத்தேசத் தொகை என்றால் என்னவென்று கட்ட முன்னரே விளங்கிக்கொள்ள வேண்டும். அது விலை அல்ல. இன்னும் தெரிவு செய்யாத பொருளுக்கு ஒதுக்கி வைத்த இடம். தரை மாபிளுக்குச் சதுர அடிக்கு 250 ரூபா போட்டிருக்கிறார்கள் என்று வையுங்கள். கடையில் உங்களுக்குப் பிடித்தது 420 ரூபா. 1,200 சதுர அடிக்கு வித்தியாசம் 204,000 ரூபா. அது உங்கள் தலையில். தொகையைக் குறைத்துப் போட்டால் எஸ்டிமேற் மலிவாகத் தெரியும், வேலையும் கொந்தராத்துக்காரருக்கே கிடைக்கும். ஆதலால் ஒப்பமிட முன் கடைக்குப் போய் விலை பார்த்துவிட்டு வர வேண்டும்.

பிறகு கேட்க வேண்டியவை உண்டு. அந்தத் தொகை பொருளுக்கு மட்டுமா, ஏற்றிறக்கலும் பதிக்கிற கூலியும் உடைவுக் கழிவும் சேர்ந்ததா? குறைவாக முடிந்தால் மீதி யாருக்கு? கூடினால், கூடிய தொகைக்கு மேலும் அவர் இலாபம் வைப்பாரா?

எல்லா உத்தேசமும் ஏமாற்று என்று சொல்ல வரவில்லை. கிணறு எத்தனை அடியில் தண்ணீர் காணும், வயல் நிரவிய காணியில் அத்திவாரம் எவ்வளவு ஆழம் போகும் என்பதை வெட்டிப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. அங்கே உத்தேசத் தொகைதான் நேர்மையானது. ஆனால் மேலதிக அடி ஒன்றுக்கு எவ்வளவு என்ற விலையை முன்பே எழுதியிருக்க வேண்டும்.

மாற்றங்களுக்கும் இதே நியாயம்தான். லின்ரல் போட்ட பிறகு யன்னலைத் தள்ளி வைக்கச் சொன்னால் உடைக்கிற கூலி, திரும்பக் கட்டுகிற கூலி, போன நாட்கள் எல்லாம் விலையாகும். மரக் கதவை விட்டு அலுமினியக் கதவுக்குப் போனால், கூடியதை மட்டும் சேர்த்தால் போதாது; கைவிட்ட மரக் கதவின் தொகையைக் கழித்தும் காட்ட வேண்டும். வட்ஸ்அப்பில் கனடாவிலிருந்து கொந்தராத்துக்காரருக்கு வருகிற "அண்ணை, அதையும் செய்துவிடுங்கோ" என்ற குரல் பதிவும் ஒப்பந்த மாற்றமே. தங்கச்சியிடம் நான் கண்டிப்பாகச் சொன்னது இதைத்தான்: விலை எழுத்தில் வராமல் ஒன்றும் சொல்லாதே.

விலையேற்றம் யாருக்கு என்பதையும் எழுத வேண்டும். 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டியது. அதற்கு முந்திய வருடம் ஆயிரத்தை ஒட்டியிருந்த 50 கிலோ சீமெந்துப் பை மூவாயிரத்தளவுக்குப் போனது. அதைப் பற்றி ஒரு வரியும் இல்லாத ஒப்பந்தங்களில் கொந்தராத்துக்காரரும் நொந்தார், வீட்டுக்காரரும் நொந்தார். 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபை நியம ஒப்பந்த ஆவணங்களையும் கட்டடப் பொருட்களின் விலைச் சுட்டெண்களையும் வெளியிடுகிறது. அரச கட்டடங்களுக்குப் பயன்படுகிற அந்த ஒழுங்கை எங்கள் சிறு வீடுகளுக்குச் சுருக்கி எடுக்க எந்தத் தடையும் இல்லை.

கையில் ஒன்றுமில்லாமல் வந்த காலத்தில் எங்கள் சனத்துக்குத் தங்கள் வீட்டின் ஒவ்வொரு கல்லின் விலையும் தெரிந்திருந்தது. காசு வந்த காலத்தில் தெரியாமல் போகிறது. இது எனக்கு வருத்தம், ஏனென்றால் அந்த அறிவைக் கண்ணீரும் வியர்வையும் கொடுத்து வாங்கினோம். அதைத் திரும்ப எடுக்கப் பெரிய படிப்பு வேண்டாம். வேலை முடிந்த அளவுக்கு மட்டும் காசு; ஒவ்வொரு உத்தேசத் தொகைக்கும் எதிரே அது எதற்கு, எவ்வளவு, எது அடங்காது என்ற விளக்கம்; ஒவ்வொரு மாற்றத்துக்கும் வேலைக்கு முன் விலையும் இரண்டு ஒப்பமும். ஐந்தரை இலட்சத்துக்குக் காட்டிய கண்டிப்பை ஒரு கோடிக்கும் காட்டினால் போதும்.