யார் பின்னணி, யார் பணம்?

வேலைக்குச் சேரும் முன் பின்னணிச் சரிபார்ப்பு நடத்துகிறார்கள், சரி. அதற்கான கட்டணத்தையும் நானே கட்ட வேண்டுமாம். நியாயமா?
*– வேலை தேடும் வாசகி, ஓசூர்*

பெண்ணைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிக்கக் கிளம்பும் மாப்பிள்ளை வீட்டார், பஸ் கட்டணத்தைப் பெண் வீட்டிலேயே கேட்டால் கொடுப்பீர்களா? சந்தேகம் யாருடையதோ, செலவும் அவருடையதே. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019-இல் வெளியிட்ட வரையறை, பின்னணிச் சரிபார்ப்பையும் ஆள்சேர்ப்புச் செலவில் சேர்க்கிறது. அச்செலவைத் தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது என்பதே அதன் கொள்கை. அமெரிக்காவின் மின்னசோட்டாவில், சில விதிவிலக்குகள் போக, சட்டமே அப்படித்தான். இதில் சிக்கனமும் உண்டு: தன் பணம் என்றால் நிறுவனம், தேர்வான ஒருவரை மட்டும் சரிபார்க்கும், உங்கள் பணம் என்றால் வரிசையில் நிற்கும் ஐம்பது பேரையும் சரிபார்க்கும்.

‘சரிபார்ப்புச் சான்றிதழ் அடுத்த வேலைக்கும் உதவுமே’ என்பார்கள் நிறுவனத்தார். அடுத்த நிறுவனம் பெரும்பாலும் புதிதாகத்தான் கேட்கும். ‘சரிபார்த்த பிறகு ஆள் வராவிட்டால் எங்களுக்கு நஷ்டமாயிற்றே’ என்பது உண்மையான கவலைதான். ஆனால் அது வியாபாரம் செய்பவர் தாங்க வேண்டிய நஷ்டம். முதல் சம்பளத்தையே கண்ணால் பார்க்காதவர் தலையில் கட்டுவதற்கில்லை.

இன்னொன்று: வேலை தருவதாகச் சொல்லி முதலில் பணம் கேட்பது மோசடிக்காரர்களின் பழைய வழி. ஆகவே யாராவது சரிபார்ப்புக் கட்டணம் கேட்டால், பணம் கட்டும் முன் அவர்களுடைய பின்னணியை நீங்கள் சரிபாருங்கள்!