பந்தியல்: மலையடிவார அணிக்கு ஒரு பொருளிலக்கணம்

பாயிரம்

இந்நூல் நுதலிய பொருள், புளியறைப் பக்கத்து மலையடிவாரக் கல்லூரி அணி ஒன்றின் ஓராண்டுக் கால்பந்துச் சீசன். எல்லை, 1990-இல் தொடங்கிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் எல்லையே. தென்காசி, திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி என நான்கு மாவட்டங்கள். புளியறை மலையில் குறிஞ்சி, அதன் சரிவில் முல்லை, தாமிரபரணிக் கரையில் மருதம், குமரிக் கடலோரம் நெய்தல், திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டில் பாலை. ஐந்திணையும் ஒரே டிரா ஷீட்டில் ஏறிவிடும். கேட்போர், டீக்கடை பெஞ்சில் இருக்கும் முன்னாள் கோலிகள். பயன், தோற்றதற்குத் தக்க காரணம் அறிதல்.

முதற்பொருள்

காற்றும் சாரலும் களமும் மூன்றும்
முதற்பொருள் என்ப பந்தறி புலவர்.

தொல்காப்பியர் நிலம், பொழுது என இரண்டே சொல்லியிருக்க, காற்றைத் தனியே எண்ணியது என்னை எனின், ஆரியங்காவுக் கணவாய் வழியே ஜூனில் இறங்கும் காற்றில் அவர் கோல் கிக் அடித்திராமையின் என்க. டாஸ் வென்றவர் பக்கத்தையோ கிக்-ஆஃபையோ கேட்டுக்கொள்ளலாம் என்று 2019-இல் விதி மாறிற்று. இங்கே எந்த கேப்டனும் கிக்-ஆஃப் கேட்பதில்லை, காற்றைத்தான் கேட்பான். அடித்த கோல் கிக்கைக் காற்று திருப்பிக் கொண்டுவந்து அடித்தவன் வலையிலேயே போட்டால் கோல் ஆகாது, எதிரணிக்குக் கார்னர் என்பது 16-ஆம் விதி. அதை எழுதியவர் ஆடி மாதத்தில் புளியறை வழியாகப் போயிருக்க வேண்டும் என்பாரும் உளர்.

களம் இருவகைப்படும்: கல்லூரி மைதானம், அறுத்த வயல். பிசானம் அறுத்த பின் மாசி, பங்குனியில் வயலே மைதானம். அடித்தாள் உள்ளங்காலைக் குத்தக் குத்தப் பையன்கள் நன்றாகத் தேறிவிடுவார்கள். கல்லூரி திறக்கும் நேரம் பார்த்துக் கார் நடவுக்குத் தண்ணீர் கட்டுவார்கள். சீசன் தொடங்கும், களம் முழுகும்.

கருப்பொருள்

பூட்ஸும் பந்தும் ஓ.டி. தாளும்
பரோட்டா உளப்படக் கருவெனப் படுமே.

பூட்ஸ், தன் பூட்ஸ், இரவல் பூட்ஸ் என இரண்டு. இரவல் பூட்ஸ் முன்னால் இடிக்கும் அல்லது பின்னால் கழலும். பந்து 410 முதல் 450 கிராம் இருக்க வேண்டும் என்பது விதி. ஆட்டம் தொடங்கும்போது என்பதும் விதியிலேயே உண்டு. அதன்பின் தையல் விட்ட பந்து எவ்வளவு சாரல் குடித்தாலும் சட்டம் கண்டுகொள்ளாது. தலையால் முட்டிய பேக் கண்டுகொள்வான். ஓ.டி. தாள், வகுப்புக்கு வராததை வந்ததாக்கும் மந்திரம். பரோட்டா, பிரானூர் பார்டரில் தின்பது. 1956 நவம்பர் 1-இல் செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது மாநில எல்லை பிரானூரிலிருந்து புளியறைக்கு நகர்ந்தது. பார்டர் என்ற பேரும் பரோட்டாக் கல்லும் நகரவில்லை. வென்றால் அங்கே கோழி சேரும், தோற்றால் சால்னாவோடு முடியும்.

உரிப்பொருள்

ஐவகை ஒழுக்கமும் ஆட்டத்து உளவே
இருத்தலே நெடிதென்ப பெஞ்சில் இருந்தோர்.

புணர்தல், பந்தும் காலும் கூடுவது. சாரல் தேங்கிய இடத்தில் பந்து சட்டென்று நின்றுவிடும். விங்கர் நிற்காமல் நாலு எட்டு போய்விடுவான். காலடியில் பந்து இல்லாததை அவன் உணர்ந்து திரும்புவதற்குள் எதிரணி பேக் அதைக் கூடியிருப்பான்.

இருத்தல், சப்ஸ்டிட்யூட்டுகளின் ஒழுக்கம். ஷின் கார்டை மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டி பி.டி. சாரின் முகத்தையே பார்த்திருப்பார்கள். அவர் “லேய்” என்றதும் மூன்று பேர் எழுவார்கள். அவர் கேட்டது தண்ணீர்.

ஊடல் அணிக்குள்ளேயே நிகழ்வது; ரெஃப்ரியோடு ஊடினால் மஞ்சள் அட்டை. அணிக்குள் ஊடலுக்குப் பெரும்பாலும் பத்தாம் நம்பர் ஜெர்சியே காரணம். “சீனியர் நான் இருக்கேன், ஒனக்கு எதுக்குல பத்து?” என்ற ஒரு வாக்கியத்தில் தொடங்கும் ஊடல், மூன்று பயிற்சி ஆட்டத்துக்குப் பாஸ் வராமல் செய்யும்.

இரங்கல் நெய்தலுக்கு உரியது. தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை மணலில் பந்தோடு வளர்ந்தவர்கள் அந்தக் கரையின் பையன்கள். இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் 2019-இல் இந்திய அணிக்கே ஆடினார். ஆனால் இலக்கணத்தில் ஒரு திரிபு: நெய்தல் அணியோடு ஆடினால், நிலம் அவர்களுடையது, இரங்கல் நம்முடையது.

பிரிதல் இருவகை. ஒன்று, நாக்-அவுட் போட்டியில் முதல் ஆட்டத்திலேயே தோற்றுச் சீசனைப் பிரிவது. ஜூனில் தொடங்கிய பயிற்சி முழுவதும் ஒரே மாலையில் முடிந்துவிடும். மற்றொன்று, அணி தோற்றாலும் நல்ல ஃபார்வர்டு ஒருவன் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகித் தென்மண்டலப் போட்டிக்குப் போவது. எஞ்சியோர் அவன் அனுப்பும் போட்டோவுக்கு லைக் போடுவர்.

இவற்றைக் கூட்டிப் பார்த்தால் ஒன்று தெளியும். ஓராண்டில் ஆட்டம் ஒரு மாலை. மற்றதெல்லாம் பந்துக்குக் காற்றடித்தல், ஜெர்சிக்குச் சண்டை, மழை விடக் காத்திருத்தல். எனவே சீசன் என்பது அந்த மற்றதெல்லாமே. ஆட்டம் அதற்கு வைத்த முற்றுப்புள்ளி.

புறனடை

வாரா அணியால் வருவது கைக்கிளை
மாறா வலியொடு மோதல் பெருந்திணை.

எதிரணியின் பஸ் வராமல் வாக்-ஓவரில் அடுத்த சுற்றுக்குப் போவது ஒருதலைக் காமம். ஆசை நம் பக்கம் மட்டும். அப்படிப் போய்க் கடற்கரை அணியிடம் ஏழு கோல் வாங்குவது பொருந்தாக் காமம்.

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் பி.டி. சார் ஸ்போர்ட்ஸ் கோட்டா விண்ணப்பங்களோடு குமரிக் கடற்கரைக்குப் பஸ் ஏறுவது இந்நூலுள் அடங்காது. அது அகம் அன்று. பிறர் புலத்து ஆநிரையைச் சத்தமின்றி ஓட்டிவரும் வெட்சி அது. குறிஞ்சிக்குப் புறம் வெட்சி என்று தொல்காப்பியரே சொல்லியிருப்பதால், மலையடிவார பி.டி. சார் மேல் குற்றம் இல்லை.