தாவுநர் இயல்

கணினியுடன் வந்த இயங்குதளத்தை, அதாவது திரை, விசைப்பலகை, வட்டு முதலிய உறுப்புகளையும் அவற்றின்மேல் ஓடும் செயலிகளையும் கட்டி மேய்க்கும் அடிப்படை மென்பொருளை, வந்தது வந்தபடியே வைத்துக்கொண்டு காலத்தைக் கழிப்பவர்களே உலகில் பெரும்பான்மையினர். அதை நீக்கிவிட்டு வேறொன்றை நிறுவுவோர் சிறுபான்மையினர். நிறுவியதை நீக்கி மற்றொன்றையும், அதையும் நீக்கி இன்னொன்றையும் நிறுவி, இந்தச் சுழற்சியையே கணினியின் பயனாகக் கண்டவர்கள் அச்சிறுபான்மையினருள்ளும் ஒரு தனி வகையினர்; அவர்களைத் தாவுநர் எனலாம். தமிழ்நாட்டில் இவ்வகையினர் பெரும்பாலும் ஆண்கள். பாலிடெக்னிக் விரிவுரையாளர், மென்பொருள் நிறுவனத்தின் சோதனைப் பிரிவு ஊழியர், விருப்ப ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஆகிய மூன்று நிலைகளில் இவர்கள் மிகுதியாகக் காணப்படுகின்றனர்.

ஒருவர் தாவுநராவதற்கு வாயில்கள் சில உண்டு. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டபோது, அடுத்த பதிப்பான விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும் ஓரளவு புதிய நுண்செயலியும் வேண்டியிருந்தமையால், நேற்றுவரை நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினிகள் பல திடீரென்று தகுதியிழந்தன. இந்நிலையில் சாமானியர் புதிய கணினி வாங்குவார், அல்லது சென்னை ரிச்சி தெருவின் கணினிக் கடைகளில் யாரையாவது பிடித்து எதையாவது போட்டுக்கொள்வார், அல்லது ஒன்றும் செய்யாமல் இருந்துவிடுவார். இம்மூன்றையும் செய்யாமல், “இதற்கு மாற்று என்ன?” என்று ஒரு சனிக்கிழமை இரவு தேடத் தொடங்குபவரே தாவுநராகிறார். இன்னொரு வாயில் அரசு திறந்தது. 2011இல் மாணவர்களுக்கெனத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட கணினிகளில், விண்டோஸுக்குப் பக்கத்திலேயே, சி-டாக் என்னும் மத்திய அரசு நிறுவனத்தின் சென்னை மையத்தில் உருவான பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளமும் இருந்தது. வகுப்பில் எல்லோரும் முதல் நாளே விண்டோஸுக்குள் சென்று படம் பார்த்தனர். கைதவறி மற்றொன்றைத் தேர்ந்தெடுத்து, வெளியேற வழி தெரியாமல் உள்ளேயே தங்கிவிட்ட ஓரிருவர் பிற்காலத்தில் தாவுநராயினர்.

இத்தனை தாவல்களுக்கு இடமளித்த வரலாற்றையும் சுருக்கமாகச் சொல்லியாக வேண்டும். எவரும் பார்க்கவும் திருத்தவும் பகிரவும் கூடிய கட்டற்ற மென்பொருள்களாலேயே ஓர் இயங்குதளத்தை ஆக்கிவிடும் க்னூ திட்டத்தை ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் அறிவித்தார். அத்திட்டத்துக்குக் குறையாக இருந்த கர்னலை, அதாவது வன்பொருளுடன் நேரடியாகப் பேசும் மையப் பகுதியை, ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் எழுதி வெளியிட்டார்; அதுவே லினக்ஸ். இரண்டையும் சேர்த்து, வேண்டிய செயலிகளையும் உடன்வைத்து, நிறுவத்தக்க ஒரு தொகுப்பாகக் கட்டித்தருவதற்கு வழங்கல் என்று பெயர். ஸ்லாக்வேரும் டெபியனும் 1993இலும், ஆர்ச் 2002இலும், உபுண்டு 2004இலும், மின்ட் 2006இலும் வந்தன. இவற்றிலிருந்து கிளைத்தவையும் கிளைகளிலிருந்து கிளைத்தவையும் சேர்ந்து இன்று நூற்றுக்கணக்கில் நிற்கின்றன. எவர் வேண்டுமானாலும் பிரித்துக் கட்டலாம் என்ற உரிமையை ஸ்டால்மன் கேட்டபோது, பிரித்துக் கட்டியவை அனைத்தையும் ஒரே கணினியில் போட்டுப் பார்க்கும் ஒருவர் தாம்பரத்தில் தோன்றுவார் என்று எண்ணியிருக்க மாட்டார்.

தாவல் நிகழும் இரவைச் சற்று அருகிலிருந்து நோக்குவது பயன் தரும். புதிய வழங்கல் முழுவதையும் அடக்கிய, சில ஜிபி அளவுள்ள ஐஎஸ்ஓ கோப்பு இரவு உணவுக்கு முன்பே இறக்கப்பட்டுவிடும். கோப்பு வழியில் சிதையவில்லை என்பதை உறுதிசெய்ய, 64 எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு சரிபார்ப்புச் சரத்தைத் தாவுநர் தம் கண்ணாலேயே ஒவ்வொன்றாக ஒப்பிடுவார். தம் மகனின் மதிப்பெண் பட்டியலை அவர் இவ்வளவு கவனத்துடன் பார்த்ததில்லை. பின்னர் கோப்பு பென் டிரைவில் எழுதப்படும். எந்தப் பென் டிரைவில் என்பது முக்கியம்: வீட்டில் இருப்பது ஒன்றே, அதில் மைத்துனியின் வளைகாப்புப் படங்கள் இருக்கும், அல்லது இருந்திருக்கும். கணினியை மறுபடி இயக்கியதும் எப்12 விசையை நொடிக்குப் பலமுறை தட்டி, வட்டைத் தொடாமல் பென் டிரைவிலிருந்தே இயங்கும் லைவ் நிலையில் நுழைந்து, திரையின் பின்புலப் படத்தைக் கண்டு ஒரு பெருமூச்சு விடுவார். அதன்பின் வட்டைப் பகுதிகளாகப் பிரிக்கும் கட்டம். இருப்பதை அழிக்கவா என்று நிரல் கேட்கும். பிள்ளைத்தமிழில் காப்பு முதலில் வரும். தாவுநரின் வரலாற்றில் காப்புநகல் எப்போதும் இழப்புக்குப் பிறகே வருகிறது.

நள்ளிரவு கடந்ததும் வைஃபை கிடைக்கவில்லை என்பது தெரியவரும். சில வைஃபை சில்லுகளுக்கு அவற்றைச் செய்த நிறுவனமே தரும், மூலநிரல் வெளியிடப்படாத சிறுமென்பொருள் ஒன்று வேண்டும். கட்டற்ற கொள்கையில் உறுதியாக நின்ற டெபியன், 2023இல் 12ஆம் பதிப்பு வரும்வரையில் அத்தகையவற்றைத் தன் அதிகாரப்பூர்வ நிறுவியில் சேர்க்கவில்லை. ஆகவே இணையம் பெறுவதற்கு அச்சிறுமென்பொருளை இறக்க வேண்டும், அதை இறக்குவதற்கு இணையம் வேண்டும் என்னும் நிலை. தாவுநர் தம் கைப்பேசியைக் கேபிளால் கணினியுடன் இணைத்து, அதன் டேட்டாவைக் கொண்டு இதைக் கடப்பார். காலையில் கைப்பேசியில் டேட்டா தீர்ந்திருக்கும்.

“என்னங்க, இன்னைக்குக் கரண்ட் பில் கட்ட கடைசி நாள். கம்ப்யூட்டர் வருமா?”

“அஞ்சு நிமிஷம்மா. ஒரே ஒரு கமாண்ட் பாக்கி.”

மின்கட்டணம் இறுதியில் அலுவலகத்துக்கு நேரில் சென்றே கட்டப்படும். அவ்வரிசையில் நிற்கும்போது தாவுநர் அடுத்த வழங்கலைப் பற்றிக் கைப்பேசியில் படித்துக்கொண்டிருப்பார்.

தாவுநருள் உட்பிரிவுகள் உள்ளன. அவற்றை முழுதும் விரிப்பது வீண். மின்ட்டில் இருப்பவர் விண்டோஸிலிருந்து அண்மையில் வந்த ஏதிலி, பணிவுள்ளவர், கேள்வி கேட்பார். உபுண்டுவில் இருப்பவர் அதன் பதிப்பெண்ணில் ஆண்டும் மாதமும் அடங்கியிருப்பதை, 24.04 என்றால் 2024 ஏப்ரல் என்பதை, திருமண வரவேற்பிலும் விளக்குவார். டெபியன்காரர் தம் வழங்கலின் பதிப்புகளுக்கெல்லாம் ‘டாய் ஸ்டோரி’ திரைப்படப் பாத்திரங்களின் பெயர்களே இடப்படுகின்றன என்பதையும், எப்போதும் நிலையற்றதாகவே இருக்கும் கிளைக்கு, பொம்மைகளை உடைக்கும் சிறுவன் சிட்டின் பெயர் இடப்பட்டது என்பதையும் பெருமையோடு கூறுவார். பிறகு அச்சிறுவனின் கிளையையே நிறுவி, உடைந்துவிட்டது என்று வருந்துவார். ஜென்டூவை நாடியவர் ஒவ்வொரு மென்பொருளையும் மூலநிரலிலிருந்து தம் கணினியிலேயே தொகுத்துக்கொள்வார். உலாவி ஒன்று தொகுபட்டு முடியும்வரை அவ்வறையில் மின்விசிறி இரண்டாகச் சுழலும், ஒன்று கூரையில், மற்றொன்று கணினிக்குள்.

ஆர்ச்சைப் பயன்படுத்துபவருக்குத் தனி இடம் தரவேண்டும். அவ்வழங்கல் வரைகலைத் திரை எதுவும் இல்லாமல், கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டச்சிட்டு நிறுவப்படுவது. பதிப்பு என்று ஒன்றில்லாமல் நாள்தோறும் புதுப்பிக்கப்படுவது. அதை நிறுவிய செய்தியை நிறுவியவர் தாமே முன்வந்து சொல்வார் என்பது உலகெங்கும் கேலிப்பொருளாகிவிட்டது. கேலியை அவரும் அறிவார், ஆயினும் சொல்வார். நிறுவலை எளிதாக்கும் நிரலொன்று 2021இல் அதனுடன் சேர்க்கப்பட்டதை, மலைக்கோவிலுக்கு விஞ்ச் விட்டதைப் பார்க்கும் பழைய படியேறிகளின் முகத்துடனே அவர் பார்க்கிறார்.

தமிழ்ப்பற்றும் இவ்வகையினரிடம் குறைவில்லை. லினக்ஸின் திரைச்சூழல்களைத் தமிழாக்கும் பணியைத் தன்னார்வலர் பலர் ஊதியமின்றிப் பல ஆண்டுகள் செய்துவந்தனர். அவ்வுழைப்பின் பயனாகப் பட்டியல்களும் பொத்தான்களும் தமிழில் கிடைக்கின்றன, தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கிறது. தாவுநர் ஒவ்வொரு நிறுவலின்போதும் மொழி என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்து, முதல் படத்தை உறவினர் குழுவில் பகிர்வார். முதல் பிழைச்செய்தி தோன்றும்வரை கணினி தமிழில் இருக்கும். தமிழில் வந்த பிழைச்செய்தியை வைத்துத் தேடினால் விடை அகப்படாது என்பதை உணர்ந்ததும் ஒருவருக்கும் சொல்லாமல் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்.

குடும்பத்தாரின் நிலை வியப்புக்குரியது. மாற்றங்களுள் பலவற்றை அவர்கள் கவனிப்பதே இல்லை. மனைவிக்கு வேண்டியது உலாவி. அது எல்லாவற்றிலும் ஒன்றேபோல் இருக்கிறது. தாயாருக்குப் பின்புலப் படம் மட்டும் தெரியும். மலை போய் ஏரி வந்ததைக் கண்டு, “ஏண்டா, பழைய படமே நல்லாயிருந்துச்சே” என்பதோடு அவர் திறனாய்வு முடியும். விண்டோஸ் செயலிகளை லினக்ஸில் ஓட்ட உதவும் ஒயின் என்ற மென்பொருளைப் பற்றி, “நேத்து ராத்திரி முழுக்க ஒயின் போட்டுப் பார்த்தேன், சரியா வரல” என்று மகன் தொலைபேசியில் கூறக் கேட்டபோது மட்டும் அவ்வம்மையார் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. உண்மையான எதிர்க்கட்சி பள்ளியில் படிக்கும் மகன்தான். அவனுக்கு வேண்டிய வேலரன்ட் விளையாட்டின் ஏமாற்றுத் தடுப்பு நிரல் விண்டோஸைத் தவிர வேறெதிலும் ஓடாது என்பதால், விடுதலை என்பது அவனைப் பொறுத்தவரை அப்பாவின் கணினியிலிருந்து பெறவேண்டியது.

தாவுநரோடு வாதிட்டு வெல்வது அரிது, ஏனெனில் அவர் கூறுவதில் பெரும்பகுதி உண்மை. 4 ஜிபி நினைவகம் கொண்ட பழைய கணினி எடை குறைந்த திரைச்சூழல் ஒன்றின் கீழ் மறுவாழ்வு பெறுகிறது. கேட்பவரின் கைப்பேசி ஆண்ட்ராய்டாயின் அதற்குள் இருப்பதும் லினக்ஸ் கர்னலே. உலகின் முதல் 500 மீத்திறன் கணினிகளும் 2017 முதல் லினக்ஸிலேயே இயங்குகின்றன. கேட்டவர் விரும்பியது ஒரு ரேஷன் கார்டு விண்ணப்பத்தை அச்சிடுவது மட்டுமே என்பது இவ்விடத்தில் பொருட்டாகாது. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி ஏறத்தாழ 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றும் பணியை 2013இல் நிறைவேற்றியதையும் அவர் தவறாமல் சுட்டுவார். அதே நகராட்சி 2017இல் விண்டோஸுக்குத் திரும்ப முடிவு செய்ததைக் கூற அவருக்கு நேரமிருப்பதில்லை.

அவரது கணினியின் வட்டில், எத்தனை தாவலிலும் அழியாத ஒரு மூலையில், விண்டோஸ் இன்னும் இருக்கிறது. உறவில் ஒரு திருமணம் வரும்போது இது வெளிப்படும். அழைப்பிதழின் மெய்ப்பை அச்சகத்தார் பேஜ்மேக்கர் கோப்பாக அனுப்புவர். 2001இல் வந்த 7.0 பதிப்போடு நின்றுபோன அம்மென்பொருளும், ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்திய பாமினி முதலிய பழைய எழுத்துருக்களும் தமிழ் அச்சகங்களில் நெடுங்காலம் ஆட்சி செய்தவை. லினக்ஸில் திறந்தால் மணமகன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும் நிற்கும். அப்போது அவர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே என்ன செய்கிறார் என்பதைக் குடும்பத்தார் அறிவர். மரியாதை கருதிக் கேட்பதில்லை.

தாவுநரின் உண்மையான சாதனை பெரும்பாலும் அவர் வீட்டில் நிகழ்வதில்லை. அடுத்த தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியரின் கணினி ஒருமுறை வைரஸால் முடங்கியபோது, தாவுநர் அதில் மின்ட்டை நிறுவி, அச்சுப்பொறியை இணைத்து, உலாவியின் சின்னத்தைத் திரையின் நடுவில் வைத்துவிட்டு வந்தார். தலைமையாசிரியர் நாள்தோறும் நாளிதழ் படிக்கிறார், ஓய்வூதியக் கணக்கைப் பார்க்கிறார், பேரனின் படங்களை அச்சிடுகிறார். இத்தனை ஆண்டுகளில் எதையும் மாற்றியதில்லை. அவ்வழியே செல்லும்போதெல்லாம் தாவுநர் உள்ளே எட்டிப்பார்ப்பார். தாம் அதன்பின் கடந்துவந்த வழங்கல்களை நினைத்து, அத்திரையை இரக்கத்துடன் நோக்குவார்.

“சார், இன்னும் இதையேவா வச்சிருக்கீங்க? இப்போ வேற நல்லது வந்திருக்கு. ஒரு மணி நேரத்துல போட்டுத் தர்றேன்.”

“எதுக்குத் தம்பி?” என்பார் தலைமையாசிரியர், மூக்குக்கண்ணாடியை உயர்த்தி. “நீங்க போட்டுக்கொடுத்த இந்த விண்டோஸ் நல்லாத்தானே ஓடுது.”