ஒருவேளை சார்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் அவருடைய சொந்தப் பெயர் கரண்ட் பில்லில் மட்டும்தான் இருக்கிறது. வாட்ச்மேன் முதல் இஸ்திரிக்காரர் வரை எல்லாருக்கும் அவர் 'ஒருவேளை சார்'. உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் இருப்பார். அடையாளம்: வயது அறுபதுக்கு மேல். பென்ஷன் மாதம் தவறாமல் வந்துவிடும். ரிமோட் சட்டைப்பையில் இருக்கும். மனைவி சீரியல் பார்க்கும் நேரம் போக, மிச்ச நேரத்துக்குப் பிரபஞ்சம் முழுக்க அவர் பொறுப்பு.

உத்தியோகம் பார்த்தது தணிக்கைத் துறையில். அங்கே அவர் பெயரைச் சொன்னால் கூட்டுறவுச் சங்கச் செயலாளர்களுக்குக் காய்ச்சல் வருமாம். வவுச்சர் இல்லாமல் ஒரு டீச் செலவைக்கூடப் பாஸ் பண்ணியதில்லை. 'எலி தின்றது: மூன்று மூட்டை' என்று ஒரு கிடங்கில் எழுதியிருந்ததற்கு, 'எலி எங்கே?' என்று ஓரத்தில் குறிப்பெழுதியவர். அப்பேர்ப்பட்ட மனுஷர் ஓய்வு பெற்றார். வீட்டுக்கு செட்டாப் பாக்ஸ் வந்தது. அதில் வெள்ளைக்காரர்கள் தமிழில் பேசினார்கள். அன்றிலிருந்து விண்மீன் மண்டலங்களையே வவுச்சர் இல்லாமல் பாஸ் பண்ணிக்கொண்டிருக்கிறார்.

சாதாரணமாகப் பேசினால் சுத்தத் திருநெல்வேலி. பறக்கும் தட்டு என்று பேச்சு வந்துவிட்டால் டப்பிங் தமிழுக்கு மாறிவிடுவார். குரல் இரண்டு படி கீழே இறங்கும். "1947, ஜூலை மாதம்... நியூ மெக்ஸிகோவின் வறண்ட பாலைவனம்... அன்று அங்கே நடந்தது என்ன?" என்று கேட்டுவிட்டு, சரியாக விளம்பரம் வரவேண்டிய இடத்தில் நிறுத்தி, பால் பாக்கெட் வாங்கக் கிளம்பிவிடுவார். திரும்பி வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடர மாட்டார். அதுவரை சொன்னதை எல்லாம் முதலிலிருந்து ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் மேலே போவார். டிவி அவருக்கு அப்படித்தான் கற்றுக்கொடுத்திருக்கிறது.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும். அவர் எதையும் 'உண்மை' என்று சொன்னதே கிடையாது. "ஒருவேளை அப்படி இருந்திருக்கலாம் இல்லையா?" அவ்வளவுதான். சொன்னால்தானே மறுக்க முடியும்? கேள்வியை எப்படி மறுப்பது? இந்தச் சூட்சுமம் அவர் கண்டுபிடித்ததல்ல. அமெரிக்கத் தொலைக்காட்சி அரை நூற்றாண்டாகப் பழக்கிவைத்த வித்தை. வேற்றுக்கிரகவாசிகள் பழங்காலத்திலேயே பூமிக்கு வந்துபோனார்கள் என்று எழுதிய எரிக் ஃபான் டேனிகனின் புத்தகத்தை வைத்து ஜெர்மனியில் எடுத்த படத்தை 1973-ல் என்பிசி ஒரு மணி நேரமாக வெட்டிச் சுருக்கி, 'பண்டைக்கால விண்வெளி வீரர்களைத் தேடி' என்று ஒளிபரப்பியது. பின்னணிக் குரல் ராட் செர்லிங். 'ட்விலைட் ஸோன்' என்ற கற்பனைத் தொடரை எழுதி, அதில் தானே வந்து கதை சொன்னவர். அந்த வெற்றியின் வழியில் 1977 முதல் 1982 வரை ஓடிய 'இன் சர்ச் ஆஃப்' தொடரை நடத்தியவர் லெனார்ட் நிமாய். 'ஸ்டார் ட்ரெக்'கில் கூர்க்காது வைத்துக்கொண்டு அரை வேற்றுக்கிரகவாசியாக நடித்த அதே ஸ்பாக். 1995-ல் ஃபாக்ஸ் டிவி வேற்றுக்கிரகவாசியின் பிரேதப் பரிசோதனையைக் காட்டியபோது தொகுத்து வழங்கியவர் ஜொனாதன் ஃப்ரேக்ஸ். அவரும் 'ஸ்டார் ட்ரெக்' ஆசாமிதான். தெருக்கூத்தில் எமன் வேஷம் கட்டினவரிடமே எமலோகத்துக்கு வழி கேட்ட கதை.

நிமாய் நிகழ்ச்சி தொடங்கும்போதே, இதிலுள்ளவை ஓரளவுக்கு ஊகத்தின் அடிப்படையிலானவை என்று ஓர் அறிவிப்பு வந்துவிடும். "எங்கள் கணக்கு ஓரளவுக்கு ஊகம்" என்று எந்தச் செயலாளராவது எழுதிக்கொடுத்திருந்தால் நம் சார் அந்த ஆளை வேலூர் ஜெயிலுக்கே அனுப்பியிருப்பார். டிவியில் வந்தால் மட்டும், "பாத்தீங்களா, எவ்வளவு நேர்மை!" என்பார்.

அந்த நியூ மெக்ஸிகோ சமாசாரத்தை, அதாவது ராஸ்வெல் விவகாரத்தை, அவர் சொல்லிக் கேட்க வேண்டும். 1947-ல் ஒரு பண்ணைக்காரர் தன் மேய்ச்சல் நிலத்தில் தகடும் குச்சியும் ரப்பருமாக ஏதோ குப்பை கிடப்பதைப் பார்த்தார். பக்கத்து ராணுவ விமானதளம், 'பறக்கும் தட்டு கிடைத்துவிட்டது' என்று அறிக்கை விட்டது. விட்ட சூட்டோடு, 'இல்லை, அது வானிலை பலூன்' என்று மேலிடம் மறுத்தது. எல்லாரும் மறந்துபோனார்கள். முப்பது வருஷம் கழித்து, அந்தக் குப்பையை அள்ளிவந்த அதிகாரி ஜெஸ்ஸி மார்செல் வாய் திறந்தார். 1980-ல் புத்தகம் வந்தது. 1989-ல் 'அன்சால்வ்ட் மிஸ்டரீஸ்' என்ற நிகழ்ச்சி, நடிகர்களை வைத்து அதை நடித்துக் காட்டி, தகவல் தெரிந்தவர்கள் கூப்பிட ஒரு தொலைபேசி எண்ணையும் கொடுத்தது. அவ்வளவுதான். நாற்பது வருஷமாக ஞாபகம் வராதவர்களுக்கெல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. புதுச் சாட்சிகள் கிளம்பினார்கள். புதுச் சாட்சிகளை வைத்துப் புதுப் புத்தகம், புதுப் புத்தகத்தை வைத்துப் புது நிகழ்ச்சி.

1994-ல் விமானப்படை விஷயத்தைப் போட்டு உடைத்தது. விழுந்தது பலூன்தான். ஆனால் வானிலைக்காகப் பறந்ததல்ல, சோவியத் அணுகுண்டுச் சோதனைகளை உயரத்திலிருந்து ஒட்டுக்கேட்கும் 'மொகல்' என்ற ரகசியத் திட்டத்தைச் சேர்ந்தது. ஆக, அரசாங்கம் பொய் சொன்னது வாஸ்தவம். சாருக்கு இது போதும். "மறைச்சாங்கன்னு அவங்களே சொல்லிட்டாங்களா? அப்ப இன்னும் என்னத்த மறைக்கிறாங்க?" அரசாங்கம் மறுத்தால் அதுவே சாட்சி. ஒப்புக்கொண்டால் அது பெரிய சாட்சி. வாயை மூடிக்கொண்டிருந்தாலோ, அதற்கு இணையான சாட்சியே கிடையாது.

பிரேதப் பரிசோதனைப் படம் இன்னும் விசேஷம். லண்டனைச் சேர்ந்த ரே சான்டில்லி என்பவர் கொண்டுவந்த அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் உலகம் முழுக்க ஓடியது. 2006-ல் குட்டு உடைந்தது. ஒரு சிற்பி லண்டன் வீடொன்றில் பொம்மை செய்திருக்கிறார். உள்ளே வைத்தது ஆட்டு மூளையும் கோழிக் குடலும். சான்டில்லியோ, தான் முதலில் பார்த்த அசல் படம் கெட்டுப்போய்விட்டதால் அதை 'மீட்டெடுத்ததாக' விளக்கம் சொன்னார். சார் உடனே, "அப்ப அசல்னு ஒண்ணு இருந்திருக்குல்ல?" என்றார். அவர் மனைவிக்கு வந்த சந்தேகம் வேறு. "ஏங்க, அவ்வளவு மூளையையும் வீணாக்கிட்டாங்களா? மிளகு போட்டு வறுத்திருந்தா எத்தன பேரு சாப்பிட்டிருக்கலாம்."

இதெல்லாம் தமாஷ் என்று தள்ளிவிடவும் முடியாது. 1990-களில் பர்டூ பல்கலைக்கழகத்தில் கிளென் ஸ்பார்க்ஸ் குழுவினர் மாணவர்களுக்குப் பறக்கும் தட்டுச் செய்திகளைப் போட்டுக்காட்டிச் சோதித்தார்கள். ஒருதலைப்பட்சமான செய்தியைப் பார்த்தவர்களிடம் நம்பிக்கை கூடியிருந்தது. நடுவில் ஒரு விஞ்ஞானி வந்து மறுத்துப் பேசிய செய்தியைப் பார்த்தவர்களிடம் அந்த அளவுக்கு இல்லை. எந்தத் தயாரிப்பாளருக்கு இது தெரியாது? அதனால்தான் விஞ்ஞானி வந்தாலும் பத்து விநாடிதான். அதற்குள் பின்னணி இசை வந்து அவரை அமுக்கிவிடும். "அமெரிக்காவுல 2019-ல நூத்துக்கு 33 பேரு, 2021-ல 41 பேரு, வேற்றுக்கிரகக் கப்பல் வந்திருக்குன்னு நம்புறாங்க. காலப் கணக்கெடுப்பே சொல்லுது" என்று சார் புள்ளிவிவரத்தோடு வருவார். "மிச்சப் பேரு?" என்று மனைவி கேட்டால், "அவங்க வீட்டுல கேபிள் இருக்காது."

2010-லிருந்து ஹிஸ்டரி சேனலில் வரும் 'ஏன்ஷியன்ட் ஏலியன்ஸ்' தொடர்தான் அவருக்கு நித்திய பாராயணம். மயிர்க்கற்றை விண்ணை நோக்கி எழுந்து நிற்கும் ஜார்ஜியோ சுகாலோஸ் தோன்றினால் சார் நிமிர்ந்து உட்காருவார். நம் ஊர்க் கோயில், நம் ஊர் விமானம் என்று வந்துவிட்டால் பெருமை தாங்காது. பழங்கால விமான நூல் என்று சொல்லப்படும் 'வைமானிக சாஸ்திர'த்தை 1974-லேயே பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் ஆராய்ந்து, அது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டது, அதில் சொன்ன விமானம் எதுவும் பறக்காது என்று சொல்லிவிட்டதை நான் ஒருமுறை எடுத்துவிட்டேன். "அந்தக் காலத்துக் காத்துல பறந்திருக்கும்" என்றார்.

தஞ்சைப் பெரிய கோயில் உச்சிக் கல்லையும் வேற்றுக்கிரகவாசிகளே வந்து தூக்கி வைத்திருக்கலாம் என்பது அவர் கட்சி. இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்றுதான் எனக்குப் புரியவில்லை. கல் அறுத்த தச்சனின் கூலியைப் பிடுங்கி எங்கிருந்தோ வந்தவனுக்குக் கொடுக்கிற வேலை இது. அதுவும் எந்தக் கோயிலில்? விளக்குக்கு ஆடு கொடுத்தவர் யார், நானூறு ஆடல் மகளிர் எந்தத் தெருவில் எந்த வீட்டில் குடியிருந்தார்கள், ஆளுக்கு நெல் எத்தனை கலம் என்று சுவரெல்லாம் கணக்கு வெட்டிவைத்த கோயிலில். ராஜராஜ சோழன் நம் சாருக்கே மேலதிகாரியாக இருந்திருக்க வேண்டியவர். வேற்றுக்கிரகத்திலிருந்து ஆள் வந்து கல் தூக்கியிருந்தால், 'அவர்களுக்குப் பங்கு இத்தனை கலம்' என்று ஒரு வரி வெட்டாமல் விட்டிருப்பாரா?

சாயங்காலம் மொட்டைமாடியில்தான் அவருடைய களப்பணி. ஒருநாள் மேற்கே பளீரென்று ஒரு வெளிச்சம். துணி எடுக்க வந்த இரண்டாம் மாடிக் கல்லூரிப் பெண் செல்போனை வானத்தை நோக்கிக் காட்டி, "அங்கிள், அது வெள்ளி" என்றாள். அவளை நான் ஆதரித்தேன். லடாக் எல்லையில் நம் ராணுவத்தினரே வெள்ளியையும் வியாழனையும் சீனாவின் உளவு விமானங்கள் என்று நினைத்து மாதக்கணக்கில் கண்காணித்ததையும், கடைசியில் பெங்களூர் வானியற்பியல் நிறுவனத்தார் வந்துதான் அவை கிரகங்கள் என்று விளக்கியதையும் சொன்னேன். சார் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு டப்பிங் குரலில், "வெள்ளின்னு நாம நினைக்கணும்னே அதை அந்த இடத்துல நிறுத்தி வெச்சிருக்கலாம்... இல்லையா?" என்றார். அந்தப் பெண் துணிகளோடு இறங்கிப் போய்விட்டாள்.

போன மாதம் குடியிருப்போர் சங்கக் கூட்டம். வரவு செலவுக் கணக்கு வாசித்தார்கள். தண்ணீர் லாரிக் கணக்கில் ஆறு லோடு அதிகம். செயலாளர் விவரமான ஆள். சாரின் பலவீனம் தெரிந்தவர். தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒருவேளை நாம எல்லாரும் தூங்கினப்புறம் ராத்திரியில வந்து ஊத்திட்டுப் போயிருக்கலாம் இல்லையா சார்?" என்றார்.

சார் எழுந்தார். டப்பிங் போய்த் திருநெல்வேலி வந்துவிட்டது.

"வந்ததை யாருவே பாத்தது? வண்டி நம்பர் என்ன? ரசீது எங்க? ரசீதுல கையெழுத்து யாரு போட்டா?"

கூட்டம் கப்சிப். நான்கே நான்கு கேள்வி. இவற்றை ராஸ்வெல் பக்கம் திருப்பியிருந்தால் ஒரு மணி நேர நிகழ்ச்சி ஏழு நிமிஷத்தில் முடிந்து, மீதி நேரத்துக்கு விளம்பரதாரர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டிருப்பார்கள். செயலாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, வாட்ச்மேன் பார்த்திருப்பார் என்று முனகினார். சார் விடவில்லை. "அந்த மாசம் வாட்ச்மேன் ஊருக்குப் போயிட்டான். லீவு லெட்டர் என்கிட்ட இருக்கு."

மேற்கொண்டும் உரித்திருப்பார். மணி ஒன்பது அடிக்கப்போகிறது என்று மனைவி ஜாடை காட்டினார். "நாளைக்குக் காலையில அசல் ரசீது வந்தாகணும், ஜெராக்ஸ் எல்லாம் செல்லாது" என்று செயலாளரிடம் சொல்லிவிட்டு, ரிமோட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வேகமாக நடந்தார். பிரமிடைக் கட்டியவர்கள் யார் என்று அன்றைக்கு இரண்டாம் பாகம்.