துருவுக்குத் தெருவே வைத்தியர்

திருவான்மியூரில் கடலுக்குப் பக்கத்தில் வீடு என்று சொன்னால், “கொடுத்து வைத்தவர்” என்பார்கள். நான் கொடுத்துக்கொண்டே இருப்பவன். வாங்கி வைத்துக்கொள்பவர் எங்கள் தெருமுனை ஹார்டுவேர் கடைக்காரர். கடற்காற்று உப்பையும் சேர்த்துக்கொண்டுதான் வருகிறது. கேட், சைக்கிள், ஃபிரிட்ஜின் கால் என்று இரும்பாய்ப் பிறந்த எதையும் விட்டுவைப்பதில்லை. அதிகம் வாங்கிக் கட்டிக்கொள்வது ஜன்னல்.

எழுபதுகளில் கட்டிய வீடு. கரையான் அரிக்காது என்று பெருமையாக இரும்பு ஜன்னல் போட்டார் அப்பா. அது உண்மைதான், இன்றுவரை ஒரு கரையான்கூட வரவில்லை.

துரு பிடித்தால் இரும்பு இளைக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பார்வைக்கு அது பருக்கும். துருவாக மாறிய இரும்பு, பழைய இடத்தைப்போலப் பல மடங்கு இடம் கேட்கும். சட்டம் உப்பி நெருக்கினால் கண்ணாடி தானே விரிசல் விடும். கிரிக்கெட் ஆடும் பையன்கள் மேல் அம்மா வருஷக்கணக்கில் நடத்திவந்த வழக்கு இப்படித்தான் தள்ளுபடியானது.

கம்பி பிரஷ்ஷும் உப்புத்தாளுமாக நான் வாசல்பக்க ஜன்னலில் உட்கார்ந்ததுதான் தாமதம், தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டு ரயில்வே மாமா முதல் ஆளாக வந்தார்.

“பாம்பன் பாலம் தெரியுமோ? 1914-ல திறந்தது. சுரண்டறதும் பெயின்ட் அடிக்கறதுமாவே காலம் போச்சு. கடைசில 2022 டிசம்பர்ல ரயிலை நிறுத்திட்டான். அதுக்கே அந்தக் கதி!”

ஆறுதல் சொல்லத்தான் வந்தாராம்.

“கோலாவை ஊத்தித் தேய்ங்க சார், துரு ஓடிடும்” என்றார் இஸ்திரி வண்டிக்காரர். விஷயம் இல்லாமல் இல்லை. கோலாவில் பாஸ்பாரிக் அமிலம் இருக்கிறது. கடையில் விற்கும் துரு நீக்கிகள் பலவற்றிலும் அதுதான், கொஞ்சம் காரசாரமாக. உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது: “வீட்டுக்கு வர்றவங்களுக்கு மோர், ஜன்னலுக்குக் கோலாவா?”

அந்தப் பக்கமாகப் போன பெயின்டர் அண்ணன் மட்டும்தான் உருப்படியாகப் பேசினார். “துரு போகாம அடிக்கிற பெயின்ட், முகம் கழுவாம போடுற பவுடர் சார்.”

சுரண்டச் சுரண்ட க்ரீம், அதன் கீழே சாம்பல், அதற்கும் கீழே ஒரு பாசிப் பச்சை. அக்கா கல்யாணத்துக்கு அடித்ததாம் அந்தப் பச்சை; மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்த காரணம் இப்போதுதான் புரிகிறது. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். வீட்டு பெயின்ட்டில் 90 பிபிஎம்முக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அதனால் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, முகத்தில் மாஸ்க் மாட்டிக்கொண்டு தேய்த்தேன். தெருவில் போன குழந்தை ஒன்று அழுதது.

ஈரத்தைத் துடைத்துக் காயவைத்து, அன்றைக்கே ரெட் ஆக்சைடு அடித்துவிட வேண்டும். எங்கள் ஊர்க் காற்றில் வெற்று இரும்பை ராத்திரி தனியாக விட்டால், காலையில் அது செம்பட்டை முடியோடு நிற்கும். கண்ணாடிக்கு வைக்கும் பட்டி, சாக்குத்தூளும் ஆளிவிதை எண்ணெயும் சேர்த்துப் பிசைந்தது. எண்ணெய் வாசனைக்கு ஒரு காக்கை வந்து ஓரத்தைக் கொத்திப் பார்த்தது. பிடித்திருந்தது போல, மறுநாள் ஜோடியாக வந்தது. அப்புறம் எனாமல், மெல்லிசாக இரண்டு கோட். ஒரே கோட்டில் மொத்தமாக அப்பினால் வழிந்து, கண்ணீர்விட்டபடியே உறைந்துவிடும்.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு எதிர்பாராத பலன்: ஜன்னல் திறந்துகொண்டது! இத்தனை வருஷம் அதை மூடி வைத்திருந்தது தாழ்ப்பாள் இல்லை, பெயின்ட். இப்போது பக்கத்து வீட்டு சீரியல் முழுசாக எங்கள் ஹாலுக்குள் ஓடுகிறது. விளம்பர இடைவேளையில் அந்த வீட்டு மாமி எட்டிப் பார்த்து, “என்னடி, இன்னிக்கும் ரசம்தானா?” என்கிறார்.

திரை போட்டே ஆகவேண்டும் என்று மனைவி சொல்லிவிட்டாள். கம்பி வாங்கக் கிளம்பும்போது வாசல்வரை வந்து சொன்னாள்: “இரும்பு மட்டும் வேண்டாங்க.”