அடுக்குச் சலவை இயந்திரத்தின் கோளாறுகள்: இரட்டைக்கிளவி நோக்கில் ஓர் ஆய்வு

பெரம்பலூர் மாவட்டம், ஆலத்தூர் வட்டம், செட்டிகுளத்தில் ஒரு வீட்டின் சமையற்கட்டுக்கும் கொல்லைக்கும் நடுவே, முன்பு ஆட்டுக்கல் கிடந்த இடமே இவ்வாய்வின் களம். ஆட்டுக்கல்லைப் பெயர்த்துக் கொல்லையில் போட நேர்ந்த வரலாறு தனி ஆய்வுக்கு உரியது. அதை என் மனைவி வாய்மொழி மரபாக இன்றுவரை காத்து வருகிறார். நாளொன்றுக்கு இருமுறை நிகழ்த்தியும் காட்டுகிறார்.

ஆய்வுப்பொருள், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் பணம் அனுப்பி வாங்கச் சொன்ன அடுக்கு மெஷின். கீழே துவைப்பது, மேலே காயவைப்பது, இரண்டுக்கும் முன்பக்கம் வட்டக் கதவு. அடுக்கு என்பது எங்கள் ஊருக்குப் புதிதன்று. ஊருக்குள் ஏகாம்பரேசுவரர், குன்றின்மேல் கையில் கரும்போடு தண்டாயுதபாணி. அப்பன் கீழே, பிள்ளை மேலே. ஆனால் அங்கே மேலே இருப்பவர் கீழே இருப்பவர் தலையில் ஆடுவதில்லை.

ஆய்வேடு என்றால் சங்க இலக்கியத்திலிருந்து தொடங்கியாக வேண்டும். தொடங்கிவிடுகிறேன். குறுந்தொகை 330ஆம் பாடலில் கஞ்சி தோய்த்து அடித்த துணி, குளத்து நீரில் இட்ட பிறகும் முறுக்குப் பிரியாமல் கிடப்பது உவமையாக வருகிறது. முறுக்கு என்றால் சுழற்சி. சுழற்சி என்றால் ஸ்பின். ஆகவே நிமிடத்துக்கு 1200 சுற்றுச் சுழலும் ட்ரம் தமிழன் கண்டது. இவ்வளவு சான்றோடு முனைவர் பட்டம் வாங்கி, மாலை போட்டுப் புகைப்படமும் எடுத்துக்கொண்டவர்களை நான் அறிவேன். நான் அங்கேயே நிறுத்தாமல் மேற்கொண்டு எழுதக் காரணம், துணி இன்னும் காயவில்லை.

இனி கோட்பாடு. இரட்டைக்கிளவி பிரிந்து நின்றால் பொருள் தராது என்பது தொல்காப்பியம், சொல்லதிகாரம், கிளவியாக்கம். சலசல என்றால் பொருள் உண்டு. சல என்றால் இல்லை. எங்கள் மெஷினும் இவ்விதிக்குக் கட்டுப்பட்டதே. 'தட' என்று ஒருமுறை கேட்டால் யாரோ கதவைச் சாத்துகிறார்கள். 'தடதட' என்று கேட்டால் அறுபது எழுபது கிலோ இரும்பு, தலையில் இன்னொரு பெட்டியைச் சுமந்துகொண்டு, கொல்லைப்பக்கம் புறப்பட்டுவிட்டது. எனவே ஒலியைக் கொண்டே கோளாற்றை வகைப்படுத்தலாம் என்பது என் துணிபு. கையேட்டைப் படித்தும் வகைப்படுத்தலாம். ஆனால் அது ஆய்வாகாது.

சலசல: ட்ரெயின் ஹோஸைத் தரையில் போட்டால் தண்ணீர் ஏற ஏற வெளியே இழுத்துக்கொண்டு போய்விடும், முனையை இடுப்பளவு உயரத்தில் கட்டுக.

சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்குவது: இங்கே அறிஞர் கவனிக்க வேண்டும். சொட்டு என்பது தனித்து நின்றாலும் பொருள் தரும். ஆதலால் இது இரட்டைக்கிளவி அன்று. ஆதலால் குற்றம் மெஷினுடையதும் அன்று. இலக்கணம் சொன்னபடியே இருந்தது என்பதுதான் எனக்கே வியப்பு. பத்து மீட்டர் உயரத் தண்ணீர் நின்றால் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். எங்கள் மொட்டைமாடித் தொட்டி மெஷினுக்கு மேலே மூன்று மீட்டர்கூட முழுசாக இல்லை. போதாக்குறைக்கு போர் தண்ணீர். அதிலுள்ள சுண்ணாம்பு, குழாய் மெஷினில் சேரும் வாயிலுள்ள குட்டிச் சல்லடையில் வெள்ளையாகப் படிந்து அடைத்துவிடும். குழாயைக் கழற்றி, சல்லடையை நுனிவிரலால் இழுத்தெடுத்து, எலுமிச்சம் சாற்றில் ஊறவைத்துப் பழைய பிரஷால் தேய்த்தால் தீர்ந்தது (எதிர்வீட்டு அத்தை, வாய்மொழி).

கரகர: சின்ன வெங்காயம் விளையும் ஊரில் சருகு ஒட்டாத லுங்கி மடிப்பு கிடையாது. பட்டறையில் வெங்காயம் புரட்டிவிட்டு வந்தவன் மடிப்பிலிருந்து அது ட்ரம்முக்கும், ட்ரம்மிலிருந்து பம்புக்கும் போகிறது. மெஷினின் கீழ்மூலையில் ஒரு சின்னக் கதவு உண்டு. ஒரு தாம்பாளத்தை அண்டக் கொடுத்து உள்ளிருக்கும் மூடியைத் திருகினேன். அழுக்குத் தண்ணீரோடு வெளிவந்தவை: ஒரு ரூபாய்க் காசு இரண்டு, கொண்டை ஊசி ஒன்று, மலைக்கோயில் விபூதிப் பொட்டலம் ஒன்று, ஒரு கைப்பிடி வெங்காயச் சருகு. சருகு சலவையில் வெளுத்து, பட்டுத்துணிபோல் மினுங்கியது. அந்த மெஷின் உருப்படியாகத் துவைத்த முதல் பொருள் அதுதான் (அத்தை, மேலது, திண்ணைப் பதிப்பு, வெங்காயம் உரித்துக்கொண்டே).

கமகம: இது நறுமணத்துக்கே உரியது என்பர் இலக்கணிகள். அவர்கள் எங்கள் கதவின் ரப்பர் வளையத்தை மோந்து பார்த்ததில்லை. துவைத்து முடித்ததும் கதவைத் திறந்து போடுக.

செக்கச்செவேல்: ஒலியன்று, நிறம், ஆயினும் வீட்டில் எழுந்த ஒலி பெரிது. கல்யாணத்துக்குக் கட்டிய வேட்டி, ஓரத்தில் மஞ்சள் கறையோடு உள்ளே போனது. சோப்புத்தூள் பட்டதும் கறை ரத்தச் சிவப்பாக மாறி கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் சுற்றிச் சுற்றி வந்தது. "மெஷின் ரத்தம் கக்குதுங்க" என்றார் மனைவி. மஞ்சள் காரத்தைக் கண்டால் சிவக்கும் என்பது பள்ளிக்கூடப் பாடம். பதற்றத்தில் யாருக்கு நினைவு வரும்? மூன்று முறை துவைத்தும் போகாத அந்த மஞ்சள், மாடிக்கொடியில் இரண்டு வெயில் கண்டதும் தானாக வெளிறியது. மஞ்சளின் நிறம் வெயிலுக்கு நிற்காது. இதை ஆய்வாளர் பிறகு பயன்படுத்துவார்.

இதுவரை மெஷின் பேசியது. வீடு என்ன பேசியது என்பதே இவ்வாய்வின் இதயம். மெஷின் பேசுவது இரட்டைக்கிளவி. வீடு பேசுவது அடுக்குத்தொடர். 'தடதட' தொடங்கிய கணத்தில் என் மனைவி "நிறுத்துங்க நிறுத்துங்க" என்றார். பிரித்தாலும் பொருள் தருகிறது, ஐயமில்லை, அடுக்குத்தொடர்தான். ஒரு சொல் அடுக்கி வர நான்கே எல்லை என்கிறது நன்னூல். பாட்டில் ஓசையை நிறைக்கத்தான் அந்த நான்கும். மெஷின் ஒரு சாண் நகர்ந்தபோது "நிறுத்துங்க" மூன்று முறை வந்தது. ஒரு முழம் நகர்ந்து, ஹோஸ் பிடுங்கிக்கொண்டு, தண்ணீர் பூஜை அறைப் படியைத் தொட்டபோது நான் விரல்விட்டு எண்ணினேன்: ஏழு. நன்னூலின் எல்லை செட்டிகுளத்தில் மீறப்பட்டது. மெஷினை அணைப்பதை விட்டுவிட்டு நான் எண்ணிக்கொண்டிருந்தது பற்றிப் பின்னர் எழுந்த அடுக்குகளை இங்கே பதிவு செய்யவில்லை. ஏழில் மூன்று வெறும் மூச்சுவாங்கல், கணக்கில் சேராது என்பது ஒரு மரபு (அத்தை, மேலது, குழாயடிச் சொற்பொழிவு, குடம் நிரம்பும் வரை). "ஏழா? தெருமுனை வரைக்கும் கேட்டுச்சே, பதினொண்ணு இருக்கும் தம்பி" என்பது மற்றொரு மரபு (அதே அத்தை, திருத்திய பதிப்பு, மருமகள் முன்னிலையில் வெளியிட்டு, அவள் உள்ளே போனதும் திரும்பப் பெற்றது, ஒப்புநோக்குக: அவர் தங்கை, துறையூரிலிருந்து, தொலைபேசி வழி, சம்பவத்தை நேரில் பார்க்காத உறுதியோடு). கருத்தரங்கு கூட்டித்தான் முடிவு காண வேண்டும். மதியச் சாப்பாடும் சான்றிதழும் உண்டென்றால் அறிஞர் வருவார்கள்.

மேலடுக்குக்கு வருவோம். ட்ரையரில் சேரும் துணிப்பஞ்சை ஒவ்வொரு முறையும் வழித்தெடுக்க வேண்டும் என்பதைத் தவிர அதைப் பற்றி எங்களுக்கு அனுபவம் இல்லை. சித்திரை வெயிலில் கடைசித் துணியைக் கொடியில் போடுவதற்குள் முதல் துணி காய்ந்துவிடும் ஊர் இது. மகன் இருக்கும் ஊரிலேயே அடுக்குமாடிச் சன்னல்களில் மூங்கில் கழி நீட்டித்தான் துணி உலர்த்துகிறார்கள் என்பதை அவனே அனுப்பிய படத்தில் கண்டேன். ட்ரையர் தேவைப்படுவது ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடிக்கும் சில நாள். அந்த நாளில்தான் கரண்ட் போகும். வந்தாலும் 2000 வாட்டுக்கு மேல் இழுக்கும் ஹீட்டருக்கு வோல்டேஜ் ஒத்துழைக்காது. இப்போது உள்ளே வடகத் தட்டு, மேலே வெங்காயக் கூடை. மஞ்சள் வேட்டியை வெளுத்துக் கொடுத்த மாடியே எங்கள் உண்மையான மேலடுக்கு. அதற்குக் கோளாறு என்றால் காக்கை ஒன்றுதான்.

ஆய்வுக்கிடையே மெக்கானிக்குக்குச் சொல்லியிருந்தோம். இறக்க வந்த பையன்களே மெஷினை மாட்டிக் கொடுத்துவிட்டதால் கம்பெனி ஆள் அதுவரை வீட்டுப்படி மிதிக்கவில்லை. முதல் நாள் "வந்துட்டேன் சார், சிறுவாச்சூர் தாண்டிட்டேன்" என்றார். நான்காம் நாளும் சிறுவாச்சூர்தான் தாண்டினார். மதுரகாளியம்மன் கோயிலுக்குத் திங்களும் வெள்ளியும் கூட்டம். இவர் புதன்கிழமையும் அங்கேயே நின்றார். இதைப் பொய் என்று சொல்லக்கூடாது. விரைவு கருதி எதிர்காலத்தை இறந்தகாலமாகச் சொல்லலாம் என்று நன்னூல் அனுமதிக்கிறது, காலவழுவமைதி. இலையில் உட்கார்ந்திருப்பவன் "வந்துட்டேன்" என்பதும் அதில் அடங்கும். இலக்கணம் தெரிந்த மெக்கானிக்கை நான் மதித்தேன்.

பதினோராம் நாள் வந்தார். நான் ஆய்வேட்டின் முப்பது பக்கத்தை எடுத்து, 'தடதட' இயலிலிருந்து தொடங்கலாமா என்று கேட்டேன். அவர் மெஷினை இழுத்துப் பின்பக்கம் குனிந்து ஸ்பேனர் போட்டார். விரல் நீளத்துக்குமேல் இருந்த போல்ட்டுகளை ஒவ்வொன்றாக என் கையில் வைத்தார்.

"லாரில வர்றப்ப ட்ரம் ஆடாம இருக்கப் போடுறது சார். மாட்டுறப்பவே கழட்டிருக்கணும். இது இருந்தா ட்ரம் ஸ்பிரிங்ல தொங்காது, மொத்த மெஷினும் ஆடும்."

கையில் இருந்ததை எண்ணினேன். நான்கு. எல்லை நான்கு என்று நன்னூலார் தப்பாகச் சொல்லவில்லை.

"பத்திரமா வைங்க, வீடு மாத்துனா வேணும்" என்று சொல்லிவிட்டு அவர் வண்டியைக் கிளப்பினார். பத்திரமாக வைப்பதற்குள் அத்தை வந்து நான்கையும் வாங்கிக்கொண்டு போனார். மாடியில் கொடிக்கயிறு தளர்ந்து கிடக்கிறதாம், இழுத்துக் கட்ட நல்ல இரும்பு தேடிக்கொண்டிருந்தாராம்.